ஓடாத வண்டியின் இருக்கை

‘காக்பிட்’ என்னும் ஆங்கிலச் சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேவல்கள் பொருதும் குழியைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது போர்க்கப்பலின் கீழ்த்தளத்தில் இளநிலை அலுவலர் தங்கிய அறைக்குப் பெயராயிற்று. முதல் உலகப்போர்க் காலத்தில் வானூர்தி ஓட்டுபவர் அமரும் இடத்துக்கும், 1930களில் பந்தயக் காரின் ஓட்டுநர் இருக்கைக்கும் சென்று சேர்ந்தது. மும்முறை இடம்பெயர்ந்தும் அச்சொல்லின் உட்பொருளில் ஒன்று மாறவில்லை: இடம் ஒடுக்கமானது, உள்ளே இருப்பவர் ஆட்டம் முடியும்வரை வெளியேற இயலாதவர்.

சேவற்போர் தமிழர்க்குப் புதிதன்று. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட சேவலுக்கு எடுத்த நடுகல்லே உண்டு. அதன் காலம் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு. ஆயினும் சேவற்களத்தின் பெயர் தமிழில் வண்டியேறவில்லை. வண்டிக்கெனத் தமிழில் வேறு சொற்கள் இருந்தன. சங்க நூல்களில் தேரோட்டி ‘வலவன்’ எனப்படுகிறான். தேரின் முன்புறத்தே கையால் பற்றிக்கொள்ளும் தாமரைமொட்டு வடிவ உறுப்பு ‘கொடிஞ்சி’. விரையும் தேரில் உடல் நிலைகுலையாதிருக்க ஒரு பற்றுக்கோடு வேண்டும் என்பதை நன்கு அறிந்தவர்கள் இட்ட பெயர் அது. இன்று மும்பையின் சிறுவீடு ஒன்றில் கணினித் திரைக்கு முன் பந்தயக் காக்பிட் அமைக்க முனைபவர் எதிர்கொள்ளும் முதல் வினாவும் இந்தப் பற்றுக்கோடு பற்றியதே.

வீட்டுக் காக்பிட் என்பது யாது? ஓர் இருக்கை, ஒரு ஸ்டீயரிங், இரண்டு அல்லது மூன்று பெடல்கள் ஆகியவற்றை ஒரே சட்டத்தில் பொருத்தி, எதிரே ஒரு திரையை நிறுத்துவது. காரும் சாலையும் கணினிக்குள் இருக்கும். அமர்ந்து ஓட்டுபவரின் உடல் மட்டும் வெளியே இருக்கும். ‘சிம் ரேசிங்’ எனப்படும் இவ்விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மென்பொருளின் வரலாற்றையும் மின்னணுக் கருவிகளின் வரலாற்றையுமே எழுதுகின்றனர். அவ்வாறு எழுதும்போது இருக்கையும் அது நிற்கும் தரையும் கண்ணில் படாமல் போகின்றன. தரை கிடைப்பதற்கரிய நகரத்திலிருந்து பார்த்தால், அவ்விரண்டுமே இவ்வரலாற்றின் நடுப்பொருள் என்பது புலப்படும்.

நகராத வண்டியில் அமர்ந்து ஓட்டக் கற்கும் முயற்சி வானூர்தியிலிருந்து தொடங்கியது. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் ஆந்துவானெத் நிறுவன வானூர்தி மாணவர்க்கென ஒரு கருவி செய்யப்பட்டது. மரப்பீப்பாயை இரு பாதிகளாக அறுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, மேற்பாதியில் மாணவரை அமர்த்துவர். உதவியாளர்கள் அதைப் பிடித்து ஆட்டுவர். மாணவர் கைச்சக்கரங்களைத் திருப்பி நிலைமீட்க வேண்டும். சிரிப்புக்கு இடமான காட்சிதான். ஆனால் பிற்காலச் சிமுலேட்டர்கள் அனைத்தின் கருத்தும் அப்பீப்பாயில் அடங்கியிருந்தது.

அடுத்த பெரும் படி நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் ஊரில் நிகழ்ந்தது. எட்வின் லிங்க் என்பவரின் தந்தை அங்கே பியானோவும் ஆர்கனும் செய்யும் ஆலை நடத்திவந்தார். பறக்கக் கற்கும் செலவு தாங்காத மகன், ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையே கொண்டு, சாய்ந்தும் சுழன்றும் ஆடும் ஒரு சிறு வானூர்திப் பெட்டியை 1920களின் இறுதியில் உருவாக்கினார். 1931இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தொடக்கத்தில் அதை வாங்கியோர் பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்காரர்கள். பயிற்சிக் கருவியென எவரும் மதிக்கவில்லை. 1934இல் அமெரிக்கப் படை விமானிகள் அஞ்சல் சுமக்கப் பணிக்கப்பட்டு, பனிமூட்டத்திலும் இருளிலும் அடுத்தடுத்து விபத்தில் மாண்ட பின்னரே அரசு லிங்கிடம் 6 கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் 10,000க்கு மேற்பட்ட லிங்க் கருவிகள் செய்யப்பட்டன. சிமுலேட்டர் கேளிக்கையாகப் பிறந்து பயிற்சியாக உயர்ந்தது என்பதை இங்கே நினைவில் கொள்வது நன்று. ‘விளையாட்டுப் பொருளுக்கா இவ்வளவு செலவு?’ என்று இன்று வீட்டில் எழும் கேள்விக்கு வயது ஏறத்தாழ நூறு.

காரைப் பொறுத்தவரை வரிசை வேறு. 1974இல் அட்டாரி நிறுவனத்தின் ‘கிரான் ட்ராக் 10’ பொது விளையாட்டுக் கூடங்களுக்கு வந்தது. ஸ்டீயரிங், கியர்க்கோல், பெடல்கள் மூன்றும் அதில் இருந்தன. 1982இல் நாம்கோவின் ‘போல் பொசிஷன்’ அமர்ந்து ஓட்டும் பெட்டியாகவும் வெளிவந்தது. 1986இல் சேகாவின் ‘அவுட் ரன்’ இருக்கையையே அசைத்தது. 1989இல் அட்டாரியின் ‘ஹார்ட் டிரைவின்’, சாலையின் எதிர்விசையை ஸ்டீயரிங் வழியே கைக்கு உணர்த்தியது. கிளட்ச் பெடலும் வைத்திருந்தது. இவையனைத்தும் கூடத்தில் தரையோடு தரையாக நின்ற கனத்த பெட்டிகள். காலால் எவ்வளவு மிதித்தாலும் அசையா. அவ்வசையாமையை அன்று எவரும் ஒரு பண்பாகக் கருதவில்லை. அது பெட்டியோடு இலவசமாக வந்தது.

விளையாட்டு வீட்டுக்குள் புகுந்தபோது பெட்டி வாயிலிலேயே நின்றுவிட்டது. 1990களில் பந்தய மென்பொருள்கள் வீட்டுக் கணினிக்கு வந்தன. பாப்பிரஸ் நிறுவனம் உருவாக்கி 1998இல் வெளிவந்த ‘கிராண்ட் ப்ரீ லெஜண்ட்ஸ்’ அவற்றுள் இன்றும் மதிக்கப்படுவது. கூடவே மேசை விளிம்பில் திருகி மாட்டும் ஸ்டீயரிங்குகளும் வந்தன. 2006இல் லாஜிடெக் வெளியிட்ட ஜி25இல் மூன்று பெடல்களும் 900 பாகை சுழலும் ஸ்டீயரிங்கும் தனிக் கியர்க்கோலும் இருந்தன. இரண்டாண்டு கழித்து ஐரேசிங் தொடங்கியது. கருவி வளர்ந்தது, அதைத் தாங்கியதோ எழுதப் படிக்கப் பயன்படும் மேசையும், சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியும். பிரேக்கை மிதித்தால் நாற்காலி பின்னே உருளும். வளைவில் திருப்பினால் மேசை ஆடும். வீட்டுக் காக்பிட் என்னும் பொருள் இந்த உருளலிலிருந்து பிறந்தது. சொகுசுக்காகப் பிறந்தது என்பது விளம்பரக்காரர் கூற்று.

கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். பல்சக்கரத்தாலோ பட்டையாலோ இயங்கும் எளிய ஸ்டீயரிங் சுமார் 2 நியூட்டன் மீட்டர் திருக்குவிசை தரும். 28 செ.மீ. விட்டமுள்ள வளையத்தின் விளிம்பில் அது ஒன்றரைக் கிலோ எடையைத் தாங்குவதற்கு ஒப்பு. 2021இல் ஃபனடெக் நிறுவனம் மோட்டாரின் அச்சிலேயே வளையத்தைப் பொருத்தும் வகையைக் குறைந்த விலையில் கொணர்ந்தது. கூடுதல் மின்வழங்கியுடன் அது தருவது 8 நியூட்டன் மீட்டர், அதாவது விளிம்பில் ஏறத்தாழ 6 கிலோ. 25 நியூட்டன் மீட்டர் தரும் கருவிகளும் உள்ளன. பெடலோ இன்னும் கொடியது. பழைய பெடல்கள் கால் எவ்வளவு தொலைவு நகர்ந்தது என்பதை அளந்தன. ‘லோட் செல்’ பொருத்திய புதியவை எவ்வளவு விசையுடன் மிதிக்கப்பட்டது என்பதை அளக்கின்றன. மனித உடல் தொலைவைவிட விசையையே நன்கு நினைவில் வைத்துக்கொள்வதால், ஓட்டுநரின் பிரேக் சீராகிறது. ஆனால் 40 கிலோ விசையுடன் மிதிக்கும் கால், அதே 40 கிலோவால் இருக்கையைப் பின்னே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு வீட்டுக்குள் விலக்கு இல்லை. எனவே காக்பிட் தேர்வில் முதற்கேள்வி ‘எந்த ஸ்டீயரிங்?’ என்பதன்று, ‘எந்தச் சட்டம்?’ என்பதே. கடைக்காரர்கள் தலைகீழாகச் சொல்வது வழக்கம்.

இந்தியாவுக்கு வருவோம். இந்நாட்டில் மோட்டார் பந்தயம் தொடக்கம் முதலே இரவல் நிலத்தில் நடந்தது. 1953இல் நிறுவப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர்க்காலத்தில் அமைக்கப்பட்டுப் பின்னர்ப் பயன்படாது கிடந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. ஓடுதளம் என்பது நேராகவும் தட்டையாகவும் இருப்பது. பந்தயத்துக்கு வேண்டியதோ வளைவு. அக்குறையோடேயே ஒரு தலைமுறை ஓட்டக் கற்றது. 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தடம் திறக்கப்பட்டபோதுதான் இரவல் தீர்ந்தது. மும்பைக்கு அந்த நாள் வரவில்லை. 1932இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அஞ்சல் கொண்டுவந்து இறங்கிய ஜுஹு தளம் உண்டு. கார் உற்பத்தியாலை உண்டு. கார் வாங்கும் செல்வர் உண்டு. நிலையான பந்தயத் தடம் மட்டும் இன்றுவரை இல்லை.

நிலம் ஒரு தடை, வண்டி இன்னொன்று. இறக்குமதி செய்த பந்தயக் காரை வாங்க இயன்றவரே ஓட்டுநர் என்னும் நிலையைத் தளர்த்தியவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். 1983இல் வந்த மாருதி 800இன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உள்ளூரிலேயே கட்டினார். ‘ஃபார்முலா மாருதி’ என்னும் பந்தய வகை அவ்வழியே எழுந்தது. தெருவில் எவரும் ஓட்டும் சிறுகாரின் எஞ்சின். எந்தப் பட்டறையிலும் உதிரிப்பாகம் கிடைக்கும். எல்லாரிடமும் ஒரே எஞ்சின் என்பதால் வேறுபடுவது ஓட்டுநரின் திறன். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் தம் முதற்பந்தயத்தை ஓட்டியது ஸ்ரீபெரும்புதூரில், ஒரு ஃபார்முலா மாருதியில்; அதிலேயே முதல் மூவருள் ஒருவராக வந்தார். 2005இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு அமெரிக்காவில் அவர் பெற்ற நான்காம் இடம், ஆறு கார்கள் மட்டுமே ஓடிய பந்தயத்தில் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கரிவரதன் 1995இல் மறைந்தார். கோயம்புத்தூர் செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கரிவரதன் செய்ததன் சாரம் இது: பெருந்தொகையில் உற்பத்தியான பொருளிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, உற்பத்தி செய்தவர் எண்ணாத பயனுக்கு ஆக்குவது. வீட்டில் காக்பிட் கட்டுபவரும் இதையே செய்கிறார். அவர் எடுப்பது எஞ்சினையன்று, இருக்கையை.

மும்பையில் அவ்விருக்கை கிடைக்கும் இடங்களுள் ஒன்று குர்லாவிலிருந்து கலீனா நோக்கிச் செல்லும் சி.எஸ்.டி. சாலை. பழைய கார்களின் உறுப்புகளை விற்கும் கடைகள் அங்கே நெருங்கி நிற்கின்றன. சாலையின் பெயரைச் சத்ரபதி சிவாஜி முனையத்தோடு தொடர்புபடுத்துவோர் பலர், அது பிழை. 1928இல் அந்தேரியிலிருந்து குர்லா, செம்பூர் வழியாக டிராம்பே வரை ஓடத் தொடங்கி 1934இல் நின்றுபோன ‘சென்ட்ரல் சால்செட் டிராம்வே’யின் முதலெழுத்துகளே அவை. ஆறே ஆண்டு ஓடிய வண்டி, தண்டவாளம் மறைந்தபின்னும் மூன்றெழுத்தாக நிற்கிறது. அதே குர்லாவில்தான் 1944இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் ஆலை இருந்தது. அங்கே பிறந்த ஃபியட்டும் பிரீமியர் பத்மினியும் கறுப்பும் மஞ்சளுமாக இந்நகரின் டாக்சியாயின. 2023 அக்டோபர் இறுதியில் கடைசிப் பத்மினி டாக்சியும் ஓட்டத்திலிருந்து விலகியது. உள்ளூர்ப் பெருமைக்காகப் பத்மினி இருக்கையில் காக்பிட் கட்ட எண்ணுபவர் ஏமாற்றமே அடைவர். டாக்சிகளில் முன்னிருக்கை ஒரே நீளப் பலகையாக இருந்தது. கியர்க்கோல் ஸ்டீயரிங் தண்டில் இருந்தது. பக்கவாட்டில் உடலைத் தாங்கும் வளைவு அதில் இல்லை. பயணியை ஓட்டுநர் பக்கத்தில் அமர்த்தப் பிறந்த இருக்கை அது.

மாருதி 800இன் இருக்கையோ தனியானது, சிறியது, முதுகு சாயும், அடியில் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம் உண்டு. அந்த நகர்வு சிறு வசதி போலத் தோன்றும், ஆனால் அதுவே பெரிது. ஒரே காக்பிட்டில் அண்ணனும் தங்கையும் மாறி மாறி அமரும் வீட்டில், பெடலுக்கும் இடுப்புக்கும் உள்ள தொலைவு ஆளுக்கு ஆள் மாற வேண்டும். விலையுயர்ந்த பந்தய வாளி இருக்கைகள் பல ஒரே நிலையில் இறுகியவை; ஓர் உடலுக்கு மட்டும் உரியவை. கரிவரதன் எஞ்சினை எடுத்த அதே காரின் இருக்கை, அதன் உற்பத்தி 2014இல் நின்ற பின்னும், இவ்வாறு பழைய உறுப்புக் கடைகளில் மறுவாழ்வு பெறத்தக்கதாயிற்று.

சட்டத்துக்கு மூன்று பொருள்கள்: மரம், இரும்பு, அலுமினியம். 18 மி.மீ. ப்ளைவுட்டில் செய்வது மலிவு, தச்சரே போதும், தொலைவு தவறாயின் மற்றொரு துளையிடலாம். ஆனால் மும்பை மழைக்காலத்து ஈரத்தில் திருகுப்பிடி தளரும். 40 மி.மீ. எம்.எஸ். சதுரக் குழாயைக் கிரில் கேட் செய்யும் பட்டறையில் வெல்டிங் செய்வித்தால் உறுதி மிகும். தவறு திருத்த இயலாது, ஏனெனில் ஒட்டியது ஒட்டியதுதான். மூன்றாவதான அலுமினிய வார்ப்பட்டைச் சட்டம் இன்று உலகெங்கும் சிம் ரேசிங் செய்வோர் விரும்புவது. பக்கங்களில் பள்ளம் ஓடும் 40க்கு 80 மி.மீ. கம்பிகளை நட்டு போல்ட்டால் இணைப்பர், கழற்றலாம், நகர்த்தலாம். அக்கம்பியை 80 மி.மீ. பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால், படுக்கவைத்ததைவிட மூன்று மடங்குக்கும் மேல் வளையாமை கூடும். அதே பொருள், அதே விலை. வைக்கும் திசையில் இவ்வளவு வேறுபாடு. அறியாமல் படுக்கவைத்துவிட்டு, மேலும் தடித்த கம்பிக்குப் பணம் செலவிடுவோர் உளர்.

தாராவியில் அலுமினியம் உருக்கப்படுகிறதே, அங்கேயே வாங்கலாகாதா என்னும் ஐயம் எழலாம். அங்கே 13ஆம் காம்பவுண்டுப் பகுதியிலும் சுற்றிலும் நடப்பது பழைய உலோகத்தை உருக்கிக் கட்டிகளாக வார்ப்பது. காக்பிட்டுக்கு வேண்டிய கம்பியோ, குறிப்பிட்ட கலவையுள்ள அலுமினியத்தைச் சூடாக்கி அச்சுத்துளை வழியே பிதுக்கிச் செய்வது. வேறு ஆலை, வேறு தொழில். தாராவி தரக்கூடியது தோல் வேலை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் அங்கே தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். அவர்கள் எழுப்பிய பெரிய பள்ளிவாசலின் தொடக்கம் 1887. 1971இல் இறைச்சிக்கூடம் பாந்த்ராவிலிருந்து தேவ்னாருக்கு மாறிய பின் பதனிடுதல் தாராவியில் தேய்ந்தது. பையும் பெல்ட்டும் தைக்கும் தொழில் நிலைத்தது. தேய்ந்த ஸ்டீயரிங் வளையத்துக்கு உறை தைப்பது அக்கைகளுக்குக் கடினமான வேலையன்று. கணினிப் பகுதிகளுக்கு லாமிங்டன் சாலை இருக்கவே இருக்கிறது.

இவ்வளவும் கிடைத்த பின் எஞ்சுவது தரை. நல்ல காக்பிட் ஒன்று ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமும் 65 செ.மீ. அகலமும் கொள்ளும், பத்தரைச் சதுர அடி. ஏறி இறங்கப் பக்கத்தில் இரண்டடி விட்டால் 20 சதுர அடி. இது பெரிதா சிறிதா என்பது முகவரியைப் பொறுத்தது. 1896 பிளேக் நோய்க்குப் பின் பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த தாதர் மாட்டுங்காத் திட்டத்தின் அடுக்குவீடுகளில், தென்னிந்தியக் குடும்பங்கள் வாடகைக்குக் குடியேறிய அறைகளில், கட்டிலை ஒதுக்கினால் இடம் பிறக்கும். செம்பூரின் அடுக்கங்களிலும் அவ்வாறே. அதற்குக் கிழக்கே, 1976இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட சீத்தா கேம்ப்பில் கணக்கு வேறு. தாராவியின் ஓரறை வீட்டில் முற்றிலும் வேறு. நூறு சதுர அடி அறையில் 20 என்பது ஐந்தில் ஒரு பங்கு. அது அரிசி மூட்டையின் இடம், பாட்டி படுக்கும் இடம், தங்கை படிக்கும் இடம்.

குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் அரசு ஒரு குடும்பத்துக்கு அளிக்கும் பரப்பு 1995இல் 225 சதுர அடி. பின்னர் 269 ஆகி, 300 ஆயிற்று. தாராவி மறுமேம்பாட்டில் தகுதியுடையோர்க்கு 350 என 2024இல் அறிவிக்கப்பட்டது. 225இல் 20 சதுர அடி கிட்டத்தட்ட 9 விழுக்காடு. 350இல் 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. சிம் ரேசிங் வந்ததால் பந்தயத்துக்கு நிலம் தேவையில்லாமற் போயிற்று என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. இருங்காட்டுக்கோட்டையின் நிலம் தேவையில்லாமற் போயிற்று. வீட்டுக்குள் இருபது சதுர அடி தேவைப்பட்டது. ஓடுதளத்தை இரவல் வாங்கிய கிளப் கேட்டது அரசிடம். இங்கே கேட்க வேண்டியது அம்மாவிடம்.

இதனால்தான் சிறுவீட்டுக்காரர்க்கு மடிக்கும் வகைகள் தேவையாகின்றன. ஸ்டீயரிங்கையும் பெடலையும் மட்டும் தாங்கும் மடிப்புத் தாங்கி ஒன்று. துணி இருக்கையோடு கூடி மடிந்து சுவரில் சாயும் நாற்காலி மற்றொன்று. இரண்டிலும் ஒரே சிக்கல்: மடியும் ஒவ்வொரு மூட்டும் ஆடும் மூட்டு. வலிய ஸ்டீயரிங்குக்கு அவை ஈடுகொடா. ஆகவே மடிப்புச் சட்டத்தைத் தேர்பவர் அதற்கேற்ற எளிய ஸ்டீயரிங்கையே தேர்தல் முறை. தனித் தாங்கியை வைத்திருப்போர் செய்யத்தக்க எளிய தீர்வு ஒன்றுண்டு: சக்கர நாற்காலியை விடுத்து நான்கு கால் நாற்காலியில் அமர்ந்து, அதன் முதுகைச் சுவரோடு முட்டவைப்பது. பெடல் தாங்கியையும் நாற்காலியின் முன்கால்களையும் ஒரு நாடாவால் பிணைத்துவிட்டால் மிதிவிசை தனக்குள்ளேயே அடங்கிவிடும். ஐம்பது ரூபாய் நாடா செய்யும் வேலையைச் சில ஆயிரம் ரூபாய்ச் சட்டங்கள் செய்வதில்லை. இருக்கையையே அசைக்கும் இயங்குமேடைகள் பற்றி இங்கே பேசத் தேவையில்லை, கீழ்வீட்டார் பேசிக்கொள்வர்.

சிறு அறைக்குச் சார்பான செய்தியும் ஒன்றுண்டு. காருக்குள்ளிருந்து காணும் கோணம் மெய்யாக இருக்க வேண்டுமாயின், திரையின் அகலத்தையும் கண்ணிலிருந்து அதன் தொலைவையும் கொண்டு கணக்கிட்டு மென்பொருளில் இட வேண்டும். 27 அங்குலத் திரையின் அகலம் 60 செ.மீ. அது 60 செ.மீ. தொலைவில் நின்றால் கிடைக்கும் கோணம் 53 பாகை. 55 அங்குலத் தொலைக்காட்சி 1.2 மீட்டர் தொலைவில் நின்றால் கிடைப்பது 54 பாகை. கூடத்தின் மறுகோடியில் பெருந்திரை வைத்தவரும், சுவரோரம் ஒடுங்கிச் சிறுதிரை வைத்தவரும் காண்பது ஏறக்குறைய ஒரே சாலை. அதே 27 அங்குலத் திரையை 1.2 மீட்டர் தள்ளி வைத்தால் கோணம் 28 பாகையாகச் சுருங்கும். இந்த ஒன்றில் மட்டும், நெருக்கடியில் வாழ்பவர்க்கு நெருக்கம் உதவுகிறது.

இனி அமரும் நிலை. சாதாரணக் கார் போல நிமிர்ந்து அமர்வது ஒன்று. ஃபார்முலா கார் போலக் குதிகாலை இடுப்பின் மட்டத்துக்கோ அதற்கு மேலோ உயர்த்திச் சாய்ந்து கிடப்பது மற்றொன்று. இரண்டாவதில் மிதிவிசை நேரே முதுகில் இறங்குவதால் சட்டம் குறைவாகவே வளையும். இருக்கை தரையை ஒட்டி இருக்கும். நாற்காலியைவிடத் தரையில் அமர்ந்தே பழகியோர்க்கு அது அவ்வளவு அந்நியமன்று. ஆனால் எந்த உடலுக்காக அளப்பது?

இக்கேள்விக்குப் பொறியியல் மாணவர்களின் பந்தயக் கார்ப் போட்டி ஒரு விடை வைத்திருக்கிறது. ஃபார்முலா எஸ்.ஏ.இ. விதிகளில் ‘பெர்சி’ என்றொரு தட்டை உருவம் உண்டு. நூற்றில் 95 ஆண்கள் அதன் அளவுக்குள் அடங்குவர் என்பது கருத்து. இடுப்புக்கும் தோளுக்கும் 200 மி.மீ. விட்டமுள்ள வட்டங்கள், கவசமிட்ட தலைக்கு 300 மி.மீ. வட்டம். பெடலிலிருந்து இடுப்பு வட்டத்தின் மையம் குறைந்தது 915 மி.மீ.; அங்கிருந்து தோள் 490; தோளிலிருந்து தலை 280. வித்யாவிஹாரில் கே. ஜே. சோமையா கல்லூரி மாணவர்களின் ஓரியன் ரேசிங், பவாயில் ஐ.ஐ.டி. பம்பாய் ரேசிங் போன்ற அணிகள் இவ்வகைப் போட்டிகளுக்கெனக் கார் கட்டுபவை. இந்தியாவில் இவ்வகையில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் களம் கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வே. மும்பையின் கல்லூரிப் பட்டறையில் அளந்த இருக்கை கரிவரதன் பெயர் கொண்ட தடத்தில் சோதனைக்கு நிற்பது தற்செயலாக இருக்கலாம், இருந்தும் பொருத்தமானது.

இத்தகைய அணிகள் காரின் சட்டத்தை வரைவதற்கு முன் மரத்தாலும் குழாயாலும் நகர்த்தக்கூடிய ஓர் இருக்கை மாதிரி செய்து, அதில் அமர்ந்து அளவெடுப்பது பொதுவான நடைமுறை. எஞ்சினும் சக்கரமும் இல்லாத அந்த மாதிரிக்கும் வீட்டுக் காக்பிட்டுக்கும் வடிவத்தில் வேறுபாடே இல்லை. வீட்டில் கட்டுபவர் கைக்கொள்ளத்தக்க பாடமும் அதுவே: முதலில் தரையில் அமர்ந்து, புத்தக அடுக்கில் முதுகைச் சாய்த்து, சுவரில் பாதத்தை ஊன்றி, முழங்கால் சற்று மடிந்த நிலையில் அளவெடுத்த பின்னரே குழாயை அறுக்கச் சொல்ல வேண்டும். பெர்சியின் அளவு மும்பைத் தங்கைக்குப் பொருந்தாது. அவ்வுருவம் பெரிய உடல் வெளியே தள்ளப்படாதிருக்க வகுத்தது; சிறிய உடலின் கால் பெடலை எட்டுமா என்பதை அது கேட்பதில்லை. விதியின் இன்னொரு கூறு வீட்டுக்கும் ஏற்றது. மாணவர் காரிலிருந்து ஓட்டுநர் 5 விநாடிக்குள் வெளியேறிக் காட்ட வேண்டும். சேவற்குழிக் காலந்தொட்டு ஒட்டிவந்த ‘வெளியேற இயலாமை’ என்னும் பொருளைப் பொறியாளர்கள் இவ்வாறு விதியெழுதி நீக்கினர்.

2020 மார்ச்சில் பந்தயத் தடங்கள் உலகெங்கும் மூடப்பட்டபோது ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களே வீட்டுக் காக்பிட்டுகளில் அமர்ந்து, கணினிவழி நடந்த கிராண்ட் ப்ரீகளில் ஓட்டினர். ஷார்ல் லெக்லேர் இரண்டில் வென்றார். அமெரிக்காவில் நாஸ்கார் ஓட்டுநர்களின் ஐரேசிங் பந்தயம் தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது. ‘வீட்டிலிருந்தே ஓட்டலாம்’ என்பது அம்மாதங்களின் முழக்கம். அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். ஏறத்தாழ 2.4 சதுர கிலோமீட்டரில் பல லட்சம் பேர் வாழும் அவ்விடத்தில் ‘வீட்டிலேயே இருங்கள்’ என்னும் ஆணைக்கு எவ்வளவு தரை வேண்டும் என்பது அப்போது வெளிப்பட்டது. ஒரே சொல்லாகிய ‘வீடு’ இரு வாக்கியங்களிலும் வருகிறது. அது குறிக்கும் பரப்பு ஒன்றன்று.

அத்தகைய ஓரறை வீட்டுக்கென ஒரு காக்பிட் வரைவதாயின், அது பெரும்பாலும் இப்படித்தான் அமையும். பெடல் பலகையும் ஸ்டீயரிங் தாங்கியும் கீல் வைத்துச் சுவரில் பொருத்தப்பட்டிருக்கும். பயன்படாதபோது மேலே மடித்துக் கொக்கியில் மாட்டலாம். மாருதி இருக்கையைத் தண்டவாளத்தோடு ஒரு ப்ளைவுட் பலகையில் இறுக்கி, அதன் முன்விளிம்பை இரண்டு போல்ட்டால் சுவர்ச்சட்டத்தோடு பிணைக்கலாம். பிணைப்பை அவிழ்த்தால் அதுவே வீட்டுக்கு வருபவர் அமரும் இருக்கை. இரவு பத்தரைக்குப் போல்ட்டுகள் கழற்றப்படும், பாய் விரிக்கப்படும்.